ராத்திரி இல்லாத ஊரில் ஒரு ஸ்டூடியோக்காரன்

இலங்கை மலைநாட்டுக் கொஸ்லந்தையில் இருட்டு சொல்லிக்கொண்டு வராது. பின்னேரம் நாலரைக்கெல்லாம் பெரகலைப் பக்கத்து மலை வெயிலை மறைத்துவிடும். பிறகு கொஞ்ச நேரம் வானத்தில் மட்டும் வெளிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். வெல்லவாயவிலிருந்து மூச்சு வாங்கி ஏறி வருகிற பஸ் தியலும நீர்வீழ்ச்சியைத் தாண்டும்போது லைட் போட்டிருக்காது. எங்கள் கடைவீதியில் வந்து நிற்கும்போது போட்டிருக்கும். ஆறு கிலோமீட்டர் சொச்சம்தான், அதற்குள் பொழுது போய்விடும். மார்கழியானாலும் ஆனியானாலும் இதுதான் கதை. வருஷத்தின் நீண்ட பகலுக்கும் குட்டைப் பகலுக்கும் எங்கள் ஊரில் முக்கால் மணி நேரம்தான் வித்தியாசம்.

இந்த வெளிச்சத்தை நம்பி முப்பத்து நாலு வருஷம் ஸ்டூடியோ நடத்தினேன். தொழில் பழகியது பண்டாரவளையில். 1973இல், பதினாறு வயதில், லயத்துக் காம்பராவிலிருந்து நேராக ஒரு ஸ்டூடியோவின் இருட்டறைக்குள் போனேன். சிவப்பு பல்பு, மூன்று தட்டு, ஹைப்போ வாடை. முதலாளி அதிகம் பேசமாட்டார். பேசினால் வடக்கு ஜன்னலைப் பற்றிப் பேசுவார். முகத்தை எடுக்க வடக்கு ஜன்னல் வெளிச்சம்தான் நல்லது, அங்கே வெயில் நேராக வராது, நாள் முழுக்க ஒரே சீராக இருக்கும் என்று ஏதோ இங்கிலீஷ் புத்தகத்தில் படித்திருந்தார். சித்திரை பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது வெயில் அந்த ஜன்னலுக்குள்ளேயே வர ஆரம்பிக்கும். ஆவணி முடிகிற வரை போகாது. நாங்கள் வெள்ளைத் துணி கட்டி மறைப்போம். புத்தகம் எழுதியவர் எங்கள் பக்கம் வந்ததில்லை என்பது எனக்குப் புரியப் பல வருஷம் ஆனது. நாம் இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து ஏழு பாகைக்கும் உள்ளே. வருஷத்தில் ஐந்து மாதம் உச்சி வெயில் நமக்கு வடக்கே நின்றுதான் காய்கிறது. ஆனி மாதம் நடுப்பகலில் வாசலில் நின்று பாருங்கள், நிழல் தெற்கே விழும்.

அந்த ஸ்டூடியோ 1983 ஜூலைக் கலவரத்தில் எரிந்தது. பண்டாரவளையில் எரிந்த பல கடைகளில் அதுவும் ஒன்று. முதலாளி திருச்சிக்குப் போனார். பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருந்த நெகட்டிவ்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அடுத்த வருஷம் நான் கொஸ்லந்தைக் கடைவீதியில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்தபோது முதலில் வாங்கியது கமராவோ என்லார்ஜரோ இல்லை, பேக்கரிக்காரரிடம் கேட்டு வாங்கிய ஆறு காலி பிஸ்கட் டின். எடுத்த ஒவ்வொரு நெகட்டிவையும் தாளில் சுற்றித் தேதி போட்டு டின்னுக்குள் வைப்பது பழக்கமாகிவிட்டது. பொஞ்சாதி சிரிப்பாள். டின் நாற்பதைத் தாண்டிய பிறகு சிரிப்பதை விட்டுவிட்டாள்.

2018 கடைசியில் ஸ்டூடியோவை மூடினேன். எல்லார் கையிலும் போன் இருக்கும்போது அடையாள அட்டைப் படத்தை மட்டும் வைத்து எத்தனை நாள் ஓட்டுவது?

அடுத்த வருஷம் ஜூலையில் நோர்வேக்குப் போனேன். மகள் அங்கே ட்ரொம்ஸோவில் இருக்கிறாள். உலகப் படத்தில் நோர்வேயின் தலைப்பக்கம், ஆர்ட்டிக் வட்டத்துக்கும் மேலே, அறுபத்தொன்பதரைப் பாகையில் ஒரு தீவு. மே மாதம் மூன்றாவது வாரத்திலிருந்து ஜூலை மூன்றாவது வாரம் வரை அங்கே சூரியன் மறைவதே இல்லை. பதிலுக்கு நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை எட்டியும் பார்ப்பதில்லை.

மருமகன் யாழ்ப்பாணம். எட்டு வயதில் தாயோடு நோர்வேக்கு வந்தவர். தகப்பன் அதற்கு முன்பே வந்து, இன்னும் வடக்கே ஃபின்மார்க்கில் ஒரு மீன் ஃபக்டரியில் வேலை செய்துகொண்டிருந்தார். எண்பதுகளில் யாழ்ப்பாணத்துப் பொடியன்கள் பல பேர் அப்படித்தான் வந்தார்கள். படிக்கிற விசாவில் வந்து, பிறகு நோர்வேக்காரர் நிற்க விரும்பாத கடலோரக் கிராமங்களில் மீன் வெட்டினார்கள். நோர்வேக்கு வந்த முதல் தமிழர் என்று சொல்லப்படுகிற அந்தோனி ராஜேந்திரமும் 1956இல் வந்து மீன் தொழிலைத்தான் கற்றார். அதை ஊருக்குக் கொண்டுபோய் சீனோர் என்ற பெயரில் காரைநகரில் நடத்தினார். எங்கள் ஆட்களைக் கொழுந்துக்குக் கூட்டி வந்தார்கள், இவர்களை மீனுக்கு. இதை மருமகனிடம் சொன்னேன். மனுசன் வாய்விட்டுச் சிரித்தார். கல்யாணப் பேச்சு நடந்தபோது அவர் வீட்டில் யாரோ 'தோட்டக்காட்டு ஆக்கள்' என்று சொன்னது எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அதனால்தானோ என்னவோ என்மேல் கொஞ்சம் கூடுதலாகவே மரியாதை.

"மாமா, அப்பா ஆக்கள் இரவு ஷிப்ட் முடிச்சு வெளியில வந்தா வெயில் எறிக்குமாம். ரெண்டு மணிக்கு. முதல் வருசம் ஒருத்தருக்கும் நித்திரை இல்லை. ஜன்னலுக்குக் கறுப்புக் குப்பைப் பை ஒட்டிப்போட்டுத்தான் படுத்தவையாம்."

எனக்கும் முதல் வாரம் நித்திரை இல்லை. கண்ணை மூடினால் இமைக்குள் சிவப்பாக இருக்கும். மகள் பார்த்துவிட்டு ஒரு நாள் ஒரு தாளை நீட்டினாள். கோடை இரவில் படம் எடுக்கக் கூட்டிப்போகிற டூர். வழிகாட்டி உண்டு, வண்டி உண்டு, ஸ்டாண்டும் கோப்பியும் அவர்களே தருவார்கள். ராத்திரி ஒன்பதுக்குப் புறப்பட்டு விடிய மூன்றுக்குத் திரும்புவது.

"எப்படியும் தூங்காமத்தானப்பா படுத்திருக்கீங்க. போயிட்டு வாங்க. வெலை மட்டும் கேக்காதீங்க."

கேட்கவில்லை. மருமகனின் கம்ப்யூட்டரில் பார்த்துக் கணக்குப் போட்டேன். அந்த வருஷம் தோட்டத்தில் அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 700 ரூபாய். ஆயிரம் கேட்டுப் போராடி அவ்வளவுதான் கிடைத்திருந்தது. டூர்க் காசு நாற்பது பேருக்குக் குறையாது. பேர் என்றால் எங்கள் கணக்கில் ஒரு முழு நாள் வேலை. ஆறு மணி நேரம் வெயிலைப் பார்ப்பதற்கு நாற்பது நாள் கொழுந்து. என் அம்மா இருந்திருந்தால் காறித் துப்பியிருப்பாள்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் மினிபஸ் நின்றது. எட்டுப் பேர் வந்திருந்தோம். ஜெர்மன் தம்பதி ஒன்று, தாய்வான் பொடியன்கள் இரண்டு பேர், ஸ்பெயினிலிருந்து ஒரு தாயும் மகளும், பேசாத பிரெஞ்சுக்காரர் ஒருவர், நான். வழிகாட்டி போலந்துப் பெண், முப்பது வயதிருக்கும். என்னுடைய பழைய நிக்கோன் டி90ஐப் பார்த்துவிட்டு, "நல்ல கமரா, நிறைய வேலை செய்திருக்கிறது" என்றாள். தொழில்காரர்கள் தொழில்காரரைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கமராவின் வலது பக்கத்து ரப்பர் தேய்ந்து போயிருந்தது.

எந்தப் பக்கம் போவது என்பதைப் புறப்பட்ட பிறகுதான் முடிவு செய்தாள். போனில் மேகப் படத்தை வைத்துக்கொண்டு யோசித்தாள். டவுனில் வெயில் நெற்றியில் அடிக்கிறது, கடல் பக்கம் மேகம் மூடியிருக்கிறது. பாலத்தைத் தாண்டிக் குவாலோயா என்ற பெரிய தீவுக்குள் போனோம். குவாலோயா என்றால் திமிங்கிலத் தீவாம். முதலில் நிறுத்திய இடம் எர்ஸ்ஃபியோர்ட். இரண்டு பக்கமும் செங்குத்தாக மலை, நடுவில் கடல் நாக்கு நீட்டியதுபோல் உள்ளே வந்து படுத்திருக்கிறது. தண்ணீரின் மேல் பஞ்சுப் பொதிபோல் மூடுபனி. மற்றவர்கள் இறங்கி ஆ ஊ என்றார்கள். எனக்கு வண்டியை விட்டு இறங்கவே தோன்றவில்லை. மலை, மூடுபனி, வளைவு ரோடு, இதைப் பார்க்கவா நான் இவ்வளவு தூரம் வந்தேன்? ஹப்புத்தளையில் இதற்கெல்லாம் காசில்லை.

வழியில் கலைமான் கூட்டம் ஒன்று ரோட்டில் நின்றது. ஹோர்ன் அடித்தும் நகரவில்லை. எங்கள் ஊர் மாடுகளேதான், கொம்பு மட்டும் கொஞ்சம் ஆடம்பரம். சதுப்பில் வெள்ளை வெள்ளையாய் இலவம்பஞ்சு பிய்த்துப் போட்ட மாதிரி ஒரு புல் பூத்திருந்தது. மணி பதினொன்று. தாய்வான் பொடியன் ஒருவன் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டான். காசு கட்டித் தூங்குகிறான் என்று நினைத்தேன்.

சொம்மரோய்க்கு வந்து சேர்ந்தோம். வெள்ளை மணல் கரை, கண்ணாடி மாதிரிப் பச்சைத் தண்ணீர். படத்தில் பார்த்தால் அறுகம்பை என்றே சொல்லலாம், கால் வைத்தால்தான் தெரியும். அந்தத் தீவின் பெயர் முந்தின மாதம்தான் உலகப் பத்திரிகைகளில் அடிபட்டிருந்தது. எங்களுக்கு நேரமே வேண்டாம், கோடையில் கடிகாரம் எதற்கு என்று தீவுச் சனம் கைக்கடிகாரங்களைக் கழற்றிப் பாலத்தில் கட்டிவிட்டதாகச் செய்தி. கொஞ்ச நாளில் குட்டு உடைந்தது: சுற்றுலாவுக்காகத் திட்டமிட்டுச் செய்த விளம்பரம். வழிகாட்டி இதைச் சொல்லிச் சிரித்தாள். நான் என் ஓட்டை இங்கிலீஷில், எங்கள் பாட்டன் காலத்திலும் தோட்டத்தில் யாரிடமும் கடிகாரம் இருந்ததில்லை, விடியுமுன் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்குத் தப்பு அடிப்பார்கள், அது போதும் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. ஸ்பெயின் அம்மா, "அழகான வழக்கம்" என்றார். நான் திருத்தவில்லை.

பிறகு பாடம் தொடங்கியது. மூன்று கால் ஸ்டாண்டை மணலில் எப்படி ஊன்றுவது, பாதி கறுத்துப் பாதி தெளிவாக இருக்கிற கண்ணாடியை லென்ஸ் முன்னால் எப்படிப் பிடிப்பது. வானம் மிக வெளிச்சம், தரை அதைவிடக் குறைவு. கறுத்த பாதியை வானத்துக்குக் கொடுத்தால் இரண்டும் சமமாகும். எனக்குச் சிரிப்பு வந்தது. இதைத்தான் நாங்கள் இருட்டறையில் கையால் செய்தோம். என்லார்ஜர் வெளிச்சம் தாளில் விழும்போது, மணப்பெண்ணின் முகம் கறுத்துப்போகும் என்று தெரிந்தால், கம்பியில் ஒட்டிய ஒரு சின்ன அட்டையை முகத்துக்கு மேல் ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும். ஒரே இடத்தில் பிடித்தால் வளையம் விழுந்துவிடும். ஐந்து விநாடியா ஏழு விநாடியா என்பது கைக்குத் தெரியும். பூணாகலைப் பக்கத்துப் பெண்கள் எத்தனை பேர் என் அட்டையின் தயவில் மாமியார் வீட்டுச் சுவரில் சிவப்பாக இருந்திருக்கிறார்கள்! அது தொழில் தர்மமா என்று இப்போது கேட்கிறார்கள். அப்போது மாப்பிள்ளை வீட்டுக்காரர்தான் கேட்டார்கள், இன்னும் கொஞ்சம் சிவப்பாக்க முடியாதா என்று.

அவள் சொன்ன இன்னொன்று எனக்குப் பிடித்தது. "சூரியனை எடுக்காதீர்கள். அதை எல்லோரும் எடுத்துவிட்டார்கள். அதற்கு முதுகைக் காட்டி நின்று, வெளிச்சம் எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள்." என் முதலாளி உயிரோடு இருந்து இதைக் கேட்டிருந்தால் அவளுக்கு அந்த நிமிஷமே வேலை கொடுத்திருப்பார்.

எல்லோரும் திரும்பினார்கள். பின்னால் இருந்த மலைகள் அவித்த இறால் நிறத்தில் இருந்தன.

ராத்திரியில் படம் எடுப்பது எனக்குப் புதிதா என்று பிரெஞ்சுக்காரர் கேட்டார், அன்றைக்கு அவர் பேசிய முதல் பேச்சு அது. புதிதில்லை. 1978 மாசியில் எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தை எடுக்கப் போனேன். அதற்கு முந்தைய வருஷங்களில் வெளிநாட்டுச் சாமான் எதுவும் லேசில் கிடைக்காது, ஃபில்ம் ரோலை அரைக் கொட்டைப் பாக்கு மாதிரிக் கணக்குப் பார்த்துச் செலவழிப்போம். 77க்குப் பிறகு கடைகளில் எல்லாம் வந்தது. முதலாளி ஃபிளாஷ் வாங்கினார், நான் அதை இரவல் வாங்கினேன். மன்மதனைச் சிவன் எரிக்கிற கட்டம். தப்பு உச்சத்தில் அடிக்கிறது. ரதி வேஷம் கட்டிய ஆள் தலையை விரித்து அழ ஆரம்பித்தார். நான் ஃபிளாஷை அடித்தேன். ரதிக்குப் பாட்டு மறந்துபோனது. தப்பு நின்றது. கூத்து வாத்தியார் என்னைப் பார்த்த பார்வையில் காமனுக்குப் பதிலாக நான் எரிந்திருக்கவேண்டும்.

பிறகு ஃபிளாஷைக் கழற்றிவிட்டுத் தீப்பந்த வெளிச்சத்திலேயே ஷட்டரைத் திறந்து வைத்து எடுத்தேன். கழுவிப் பார்த்தால் ரதிக்கு மூன்று முகம், மன்மதனுக்கு முகமே இல்லை, தப்புக்காரர்கள் எல்லாம் புகை. கூட்டத்தின் ஓரத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கிப்போன ஒரு கிழவர் மட்டும் ஊசி முனை போல் துல்லியமாக விழுந்திருந்தார். அந்த நெகட்டிவும் பண்டாரவளையோடு எரிந்தது.

பன்னிரண்டு மணிக்கு வழிகாட்டி கோப்பி ஊற்றினாள். எல்லோரும் மணியைப் பார்த்துக்கொண்டார்கள். அவள், "இது நடுராத்திரி இல்லை" என்றாள். கோடைக்காக மணியை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருக்கிறார்கள், ஆனால் ஊர் அந்த மணிக்கு உரிய கோட்டிலிருந்து கொஞ்சம் கிழக்கே இருக்கிறது. சூரியன் நேர் வடக்கே வந்து மிகத் தாழ்ந்து நிற்பது பன்னிரண்டே முக்கால் தாண்டித்தான். அதுவரை பாதி மேகத்துக்குள் நின்ற சூரியன் மெல்ல வெளியே வந்தது. கையை நீட்டிப் பிடித்தால் கடலுக்கு மேலே இரண்டு விரல் தடிமன். இறங்கவில்லை. பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் சூரியன் கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி நேராக இறங்கும். படம் எடுக்கத் தோதான மஞ்சள் வெயில் அரை மணி நேரம்கூட நிற்காது. இங்கே அதே வெயில் நாலு மணி நேரத்துக்கு மேல் நிற்கிறது. தண்டவாளத்தில் போகிற டிரொலி போல, மேலே ஏறவும் இல்லாமல் கீழே விழவும் இல்லாமல்.

என்னால் படம் எடுக்க முடியவில்லை.

கமராவைக் கண்ணில் வைப்பேன், சட்டத்துக்குள் எல்லாம் சரியாக இருக்கும், விரல் அழுத்தாது. இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்று தோன்றும். பொறுத்தாலும் வெளிச்சம் அப்படியே நிற்கும். மற்றவர்கள் சடசடவென்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். வழிகாட்டி வந்து, மணலில் ஸ்டாண்ட் சரியாக நிற்கவில்லையா என்று கேட்டாள். நிற்கிறது என்றேன். என் விரலுக்கு அவசரம் வேண்டும் என்று எந்த மொழியில் அவளுக்குச் சொல்வது?

நான் எடுத்த படங்கள் எல்லாம் போகப்போகிற ஆட்களின் படங்கள். பண்டாரவளையில் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வாசலில் வரிசை நிற்கும். 1964 அக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்கள் ஆட்களைப் பற்றி ஒப்பந்தம் போட்டார்கள். ஐந்து இலட்சத்து இருபத்தைந்தாயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், மூன்று இலட்சம் பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மிச்சம் ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்க்கலாம். கொழுந்து நிறுக்கிற தராசில்கூட இவ்வளவு லேசாகப் பிரிக்கமாட்டார்கள். அந்த ஐந்தே கால் இலட்சத்தில் ஊவா மலைப் பங்கு பாஸ்போர்ட் படத்துக்கு எங்கள் ஜன்னலுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. பாஸ்போர்ட் படம் முடிந்த பிறகு சிலர் தயங்கி நிற்பார்கள். "எல்லாருமா சேந்து ஒன்னு எடுக்கணும்ங்க." அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று வந்திருக்கும். மறுநாள் தலைமன்னார்க் கோச்சி. பின்னேரம் மூன்றரைக்கு வந்து நிற்பார்கள், நான் வெளிச்சத்தைப் பார்ப்பேன், போய்க்கொண்டிருக்கும். சின்னப் பிள்ளை அழும். அழுகை நிற்கும் வரை பொறுக்க வெளிச்சம் விடாது. அப்படியே அழுத்திவிடுவேன். நான் எடுத்த கூட்டுப் படங்களில் அழாத பிள்ளையே இல்லை என்று முதலாளி சொல்வார்.

அந்த ஒப்பந்தத்துக்கு ஐம்பது வருஷம் முடிய ஒரு நாள் இருக்கும்போது, 2014 அக்டோபர் 29 காலையில், எங்கள் ஊருக்குப் பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தது.

அந்த மலைச் சரிவில் ஆள் இருக்கக்கூடாது என்று 2005இலேயே எச்சரிக்கை வந்திருந்தது, 2011இல் மறுபடியும் வந்தது. லயம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஏழரை மணிவாக்கில் விழுந்தது. பிள்ளைகள் பல பேர் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுப் போயிருந்தார்கள். அதனால் பிழைத்தார்கள், திரும்பி வர வீடு இல்லை. செத்தவர்கள் எத்தனை பேர் என்று சொன்ன கணக்கு நாளுக்கு நாள் மாறியது. கொஸ்லந்தைப் பள்ளிக்கூடத்தில் மிச்சமான சனத்தைத் தங்க வைத்திருந்தார்கள். கொழும்பிலிருந்து பெரிய பெரிய லென்ஸ் வைத்த கமராக்காரர்கள் வந்து இறங்கினார்கள். நான் கமராவைத் தொடவில்லை. டின்களைத் திறந்தேன்.

மூன்றாம் நாள் ஒரு பொடியன் வந்தான், பன்னிரண்டு வயது இருக்கும். மூன்று நாளும் அதே பள்ளிக்கூடச் சட்டை. "எங்கம்மா படம் இருக்குமாண்ணே?" வீட்டில் இருந்த படங்கள் வீட்டோடு போய்விட்டன. அம்மா வெளிநாட்டுக்குப் போக ஒரு தடவை பாஸ்போர்ட் படம் எடுத்ததாகச் சொன்னான், கடைசியில் போகவில்லையாம். அதற்குள் நானும் டிஜிட்டலுக்கு மாறியிருந்தேன், ஆனாலும் பழக்கத்தில் ஒவ்வொரு படத்தையும் சீடியில் எழுதி வைத்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் கிடைத்தது. பெரிதாக்கி அச்சடித்துக் கொடுத்தேன். கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தான். "அம்மா இப்படி இருக்கமாட்டாங்க" என்றான். பாஸ்போர்ட் படத்தில் சிரிக்கக்கூடாது என்று அன்றைக்கு அந்த அம்மாவுக்குச் சொன்னது நான்தான்.

அந்த வாரம் அப்படி இருபத்து மூன்று படம் கொடுத்தேன்.

இதெல்லாம் சொம்மரோய் மணலில் நின்றுகொண்டிருந்தபோது வரிசையாக ஞாபகம் வந்ததா என்றால் இல்லை. அங்கே ஞாபகம் வந்தது அந்தச் சட்டையின் கழுத்து அழுக்கு மட்டும்தான். மிச்சத்தை இப்போது எழுதும்போது சேர்த்துக்கொள்கிறேன். அப்போது குளிரில் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, ஆலா ஒன்று தன் குஞ்சுக்குப் பயந்து என் தலையைக் கொத்த வந்துகொண்டிருந்தது, மணி பன்னிரண்டு ஐம்பது.

ஆலாவுக்குக் குனிந்தபோதுதான் நிழலைப் பார்த்தேன். என் காலில் தொடங்கி மணலைத் தாண்டிப் புல்லில் ஏறி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. எட்டி நடந்து பார்த்தேன், முப்பத்தைந்து மீற்றர் இருக்கும், பத்துக் காம்பரா லயத்தின் நீளம். சூரியன் நேர் வடக்கே இருக்கிறது. நிழல் தெற்கே விழுகிறது. ஆனி மாதம், தெற்கே நிழல். அந்த நிழல் போகிற பக்கம்தான் ஊர் என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் ஊர் தென்கிழக்கில்.

முதலாளியின் வடக்கு ஜன்னலுக்குள் வந்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர் வெள்ளைத் துணி கட்டி மறைத்த அதே வெயில்.

வழிகாட்டியிடம் சொல்லி எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தேன், சூரியனுக்கு முதுகு காட்டி. ஆட்களை எடுக்கவில்லை. அவர்களுடைய நிழல்களை எடுத்தேன், வழிகாட்டியோடு எட்டு நிழல். தூங்குமூஞ்சித் தாய்வான் பொடியனை எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்தினோம். "அசையாதீங்க" என்று தமிழில் சொன்னேன், எல்லோரும் அசையாமல் நின்றார்கள். அந்த டூரில் நான் எடுத்தது மொத்தம் பதினொரு படம். வழிகாட்டி பார்த்துவிட்டு, வேறு யாரும் இவ்வளவு குறைவாக எடுத்ததில்லை என்றாள். பாராட்டா குறையா என்று தெரியவில்லை.

மூன்றரைக்கு வீட்டுக்கு வந்தேன். வெயில் எதிர்வீட்டுச் சுவரில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் தூங்குகிறார்கள். எனக்குக் கொடுத்த அறையில் ஒரு புதுத் திரை மாட்டியிருந்தது, நான் தூங்காமல் கிடப்பதைப் பார்த்து மருமகன் அன்று பின்னேரம் வாங்கி வந்தது. கறுப்பு, தடித்தது, உருளையிலிருந்து இழுத்துவிடுகிற மாதிரி. இழுத்தேன். அறை கறுத்தது. ஆனால் அடியில் ஒரு விரல் இடைவெளி, அதற்குள்ளால் கத்தி மாதிரி ஒரு கோடு வெளிச்சம் தரையில் விழுந்தது.

குளியலறையிலிருந்து துவாலையை எடுத்துவந்து, நீளமாகச் சுருட்டி, அந்த இடைவெளியில் திணித்தேன். இரண்டு மூலையையும் விரலால் அமுக்கினேன். கொஸ்லந்தையில் தினமும் கதவடியில் சாக்கைத் திணித்ததுபோலத்தான். கையை முகத்துக்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன். தெரியவில்லை. நோர்வேக்கு வந்த பிறகு முதல் இருட்டு.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு என்னை அறியாமல் கை இடுப்பு உயரத்துக்குப் போய், இடமிருந்து வலமாக, டெவலப்பர் தட்டைத் தேடியது. அடுத்தது தண்ணீர். அடுத்தது ஹைப்போ. தட்டு இருக்கவேண்டிய இடத்தில் என் சூட்கேஸின் பிடி தட்டுப்பட்டது.